பட்லரின் இலைக்கு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின்

"போகி. பர்ச்சு நடந்தது. மாமனார் இலையில் வெள்ளை ஒயின் ஒரு கிளாஸ், பக்கத்தில் கள். மழை இல்லை. கேள்வி தீரவில்லை."

இது என் நாட்குறிப்பில் உள்ள பதிவு. நாளைப் பற்றிக் குழப்பமில்லை. போகி என்றால் ஜனவரி நடுப்பகுதி. ஆண்டு எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. எந்த ஆண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் மூலத்தில் இல்லாததை நகலில் சேர்ப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த காலம், ஒரு பெரும்போர் முடிந்து அடுத்தது தொடங்காத காலம் என்று வாசகர் எடுத்துக்கொண்டால் போதும்.

நான் அப்போது டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெண் எடுத்தது காஜா பெராங்கில், மலாக்கா செட்டிகள் குடும்பத்தில். வட்டிக்கடைச் செட்டியார்களோடு இவர்களைக் குழப்பக்கூடாது. சுல்தான்கள் ஆண்ட நாளிலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம் இது. கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது மலாய். கல்யாணத்தன்று மாமியார் என்னிடம் தமிழில் சொன்ன ஒரே சொல் "தம்பி". பிறகு வந்த ஆண்டுகளிலும் அந்தக் கணக்கு பெரிதாக உயரவில்லை. ஆகவே கீழே யார் என்ன பேசினாலும் அது மலாயில் பேசியது. தமிழ் என்னுடையது.

மாமனார் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரத் துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். அந்தத் துரைக்கு ஆண்டுக்கொருமுறை சொந்த ஊரிலிருந்து மரப்பெட்டி ஒன்று கப்பலில் வரும். உள்ளே வைக்கோல் சுற்றிய போத்தல்கள். எல்லாம் வெள்ளை ஒயின், எல்லாம் ஒரே திராட்சைத் தோட்டத்துச் சரக்கு. போத்தலில் ஒட்டிய தாளில் இரண்டு கோபுரம் வைத்த ஒரு மாளிகையின் படம் இருக்கும். தோட்டத்தின் பெயரையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இதில் மனிதர் யார் பெயரும் வராது என்று முடிவு செய்தபின் ஒரு தோட்டத்துக்கு மட்டும் சலுகை காட்டுவது சரியாக இருக்காது.

லீவு கிடைத்து வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் பேசுவது அந்த ஒயினைப் பற்றித்தான். வெள்ளை என்றால் குளிர்ந்திருக்க வேண்டும். போத்தலைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். கிளாஸைக் காலைப் பிடித்துத் தூக்க வேண்டும், வயிற்றைத் தொடக்கூடாது. முக்கால் அளவுக்கு மேல் ஊற்றுகிறவன் பட்லர் அல்ல, தண்ணீர்க்காரன். தோட்டத்தின் வரலாறும் வரும். மடத்துச் சாமியார்கள் நட்ட கொடிகளாம். சுற்றிலும் கல்மதிலாம். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே அங்கே ஒயின் இறக்கிக்கொண்டிருந்தார்களாம்.

போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511. அதற்கு முன்பா பின்பா என்று சரிபார்க்க நான் டவுன் நூலகத்துக்குப் போனேன். திராட்சையைப் பற்றி அங்கே இருந்த ஒரே நூல் அதைத் தின்னும் பூச்சிகளைப் பற்றியது.

மாமனாருக்கு ஒரு தம்பி. தச்சு வேலை செய்பவர். காஜா பெராங்கில் எல்லோரும் அவரைப் பாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம், சித்தப்பா என்ற பொருளில். அபாங் என்று அவர் கூப்பிடும் அண்ணன் சொல்வதை அவர் சும்மா கேட்டுக்கொண்டு இருந்ததில்லை.

"தோட்டம்னா கூலியாளுங்க லயம் இருக்குமா, அபாங்?"

"இருக்கும்."

"கங்காணி?"

"கங்காணி இல்லாத தோட்டம் ஏது?"

"நம்ம ஆளுங்க யாராச்சும் போயிருக்காங்களா?"

"போகல. அங்க குளிரும்."

"இங்க மலேரியா இருக்குன்னு சொன்னதுக்கே வந்தவங்க, அங்க குளிருக்குப் பயந்தாங்களாக்கும்."

மாமனார் கிளாஸ் பிடிக்கும் முறைக்குத் திரும்பிவிடுவார். இவ்வளவும் சொன்னவர், அந்த ஒயின் என்ன ருசி என்று மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முழங்கால் வலி வந்து அவர் வேலையை விட்டபோது துரை ஒரு போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பினார். மாமனார் அதை மாமியாரின் துணி அலமாரியில், கல்யாணச் சாரோங்குக்குக் கீழே படுக்கவைத்தார். நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்றார். தீபாவளிகள் போயின, பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தது. எந்த நாளும் போதுமான அளவு நல்ல நாளாக அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார். ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்து, மதுவகை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மாமனார் மாமியாரிடம், "அந்த வெள்ளையில கொஞ்சம் ஊத்து" என்று கேட்டார். "எழுந்து உட்காருங்க, அப்புறம் ஊத்தித் தரேன்" என்றார் மாமியார். அவர் எழுந்து உட்காரவில்லை.

இனி பர்ச்சு பற்றிச் சொல்ல வேண்டும். போகியன்று செட்டிகள் வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். நடுக்கூடத்தில் வரிசையாக வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் இலையில் வைத்து, சாம்பிராணி போட்டு, கூப்பிட வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் கூடத்தை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. இறந்தவர் உயிரோடிருந்தபோது ருசி பார்த்து விரும்பியதை மட்டுமே வைக்க வேண்டும். அவர் வாயில் படாததை வைத்தால் அது வேறு யாருக்கோ போட்ட இலையாகிவிடும். கூப்பிடப்பட்டவர் பசியோடு திரும்பிவிடுவார். முதல் பர்ச்சில் பசியோடு போனவர் அப்புறம் வரவே மாட்டார்.

மாமனாருக்கு அது முதல் பர்ச்சு. அப்புறம் தருவதாக மாமியார் சொன்ன அந்த ஒயினை அவர் இலையில் வைக்க வேண்டும், அதை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாமியாருக்கு அந்த ஆண்டு வேறு எண்ணமே இல்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டை வெள்ளையடிக்க வந்தவனைக்கூட அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார். ஆனால் பாச்சிக் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணியை அவர் காக் என்றுதான் கூப்பிடுவார்.

"காக், அபாங் குடிச்சது கள்ளு. நானும் அவரும் சேர்ந்து குடிச்சது. சாட்சி வேணும்னா நானே நிக்கிறேன்."

"கள்ளும் வைக்கலாம், யாரு வேணாம்னா? இது அவரு வாய்விட்டுக் கேட்டது."

"காய்ச்சல்ல கேட்டது. அதே காய்ச்சல்ல எங்க அப்பாவோட மாட்டுவண்டியக்கூடத்தான் எங்கன்னு கேட்டாரு. அதையும் இலையில ஏத்துவீங்களா?"

"மாட்டுவண்டிய நான் அப்புறம் தரேன்னு சொல்லல. இதச் சொன்னேன்."

பாச்சிக் விடவில்லை. "சொன்னீங்க சரி. அவரு அதக் குடிச்சு யாரு பார்த்தா? ஊத்திக் குடுத்தத பார்த்தவங்க உண்டு. குடிச்சத?"

அப்போதுதான் வீட்டில் எல்லோரும் யோசித்துப் பார்த்தோம். என் மனைவி யோசித்தாள். மாமியார் யோசித்தார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு. நீ விசாரி."

"கிராணி விசாரிச்சா இந்தப் போகி முடிஞ்சு அடுத்த போகி வந்துடும்லா," என்றார் பாச்சிக்.

சனிக்கிழமை ஆபீஸ் பாதி நாள். நான் டவுனில் இருந்த ஒரு காப்பிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹைனானியச் சீனர், துரையின் பங்களாவில் மாமனாரோடு பல ஆண்டுகள் சமையற்காரராக இருந்தவர். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பட்லர் ஒயின் குடிப்பாரா?" என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டார். நல்ல மனுசன்."

"கொஞ்சம்கூட?"

"பட்லர் குடிச்சா துரை விடுவாரா?"

"அப்போ போத்தல்ல மிச்சம் இருந்தா?"

"மிச்சம் எனக்கு. மீன்ல ஊத்திச் சமைப்பேன்."

"அந்த மீன பட்லர் சாப்பிடுவாரா?"

"ஓ, நல்லா சாப்பிடுவார். இன்னைக்கு மீன் இல்லையான்னு கேட்பார்."

"அவருக்குப் பிடிச்சது மீனா, ஒயினா?"

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். "மீன் இல்லாத நாள்ல காலிப் போத்தல மோந்து பார்ப்பார்," என்றார். இரண்டாவது காப்பி வந்தபோது அவருடைய சாட்சியம் மாறியது. "குடிச்சிருக்கவும் கூடும். நான் அடுப்பப் பார்த்து நிக்கிறவன். எனக்குப் பின்னால யாரு என்ன செய்றாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

கிடைத்ததை அப்படியே வீட்டில் சொன்னேன். இரண்டு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

"மீன்ல ஊத்துனது வாயில படாமலா போகும்?" என்றார் மாமியார்.

"அது மீனு, காக்."

"அசாம் போட்ட மீனத் தின்னவனுக்கு அசாம் ருசி தெரியாதா?"

அசாம் என்பது புளி. அது சேராத மீன்குழம்பை அந்த வீட்டில் நோயாளிக்குக்கூடக் கொடுத்ததில்லை. ஒயினும் வைப்பது, கள்ளும் வைப்பது என்று முடிவாயிற்று. கள்ளை வாங்கிவரும் பொறுப்பைப் பாச்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போகியன்று காலையில் போத்தலை வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம், குளிர்வதற்காக. மத்தியானம் மேலே இழுத்தபோது போத்தல் குளிர்ந்திருந்தது. கோபுரம் வைத்த மாளிகை கிணற்றோடு போய்விட்டது. பிறகுதான் தக்கை விஷயம் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் போத்தல் திறந்தவரின் வீட்டில் தக்கை பிடுங்கும் திருகு இல்லை. அவர் திறந்ததெல்லாம் பங்களாத் திருகால். பாச்சிக் தன் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து, கதவுக்கீலுக்குப் போடும் நீளத் திருகாணி ஒன்றைத் தக்கையில் முறுக்கி, குறடால் பிடித்து இழுத்தார். பாதித் தக்கை வெளியே வந்தது. பாதி உள்ளே போனது. மாமியார் தேங்காய்ப்பால் வடிகட்டும் துணியால் ஒயினைக் கூஜாவில் வடிகட்டினார்.

பாச்சிக் குனிந்து மோந்தார். "காடி," என்றார். "கெட்டுப் போச்சு."

"அதோட வாசமே அப்படித்தானோ என்னவோ," என்றாள் என் மனைவி. அவளுக்கு ஏதோ பூ வாசம் அடித்தது. எனக்கு ஈரச் சுண்ணாம்பு. மாமியார் நெடுநேரம் மோந்து பார்த்துவிட்டு, "கற்பூரம்," என்றார். அது அலமாரியின் வாசம்.

"நாக்கு நுனியில ஒரு சொட்டு வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்," என்று பாச்சிக் விரலை நீட்டினார். மாமியார் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பர்ச்சுக்கு வைப்பதை முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாது. பார்த்தால் அது எச்சில். அந்த வீட்டில் பெண்கள் போகிச் சமையலுக்கு உப்புக்கூடக் கண்ணளவில்தான் போடுவார்கள்.

"கெட்டுப் போயிருந்தா என்ன செய்றது, தம்பி?" என்று மாமியார் என்னைத் தனியாகக் கேட்டார்.

"கெடாதது எப்படி இருக்கும்னு நமக்கு யாருக்கும் தெரியாதே, மாக்."

"நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்ல. அதான் பயம்."

கடைசியில் என் மனைவிதான் ஊற்றினாள். அப்பா செய்வதுபோல இடது கையில் ஒரு துணியை மடித்துப் போட்டுக்கொண்டு, முக்கால் அளவு வந்ததும் நிறுத்தினாள். கிளாஸின் வயிற்றை அவள் தொடவில்லை. இலையில் லெப்பாட் என்ற பலகாரம், பொரித்த மீன், வெற்றிலை, கள், ஒயின்; பக்கத்தில் அவருடைய வெள்ளைக் கோட்டு. மாமியார் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

பின்கட்டில் எல்லோரும் நின்றோம். கோழிகளைத் தவிர யாரும் பேசவில்லை. பிறகு பாச்சிக் கதவுக்கு வெளியே நின்று இருமினார். சாப்பிடுகிறவர்கள் எழுந்திருக்க ஒரு அவகாசம். கதவைத் திறந்தோம்.

ஒயின் குறைந்திருக்கிறது என்றார் மாமியார். கள்தான் குறைந்திருக்கிறது என்றார் பாச்சிக். அந்த வெயிலுக்கு இரண்டும் குறைய வாய்ப்புண்டு.

படைத்ததை வீட்டார் பகிர்ந்துகொள்வது வழக்கம் என்பதால் ஆளுக்கு ஒரு மடக்கு ஒயின் வந்தது. புளித்தது. கெட்டதால் புளித்ததா, அதன் குணமே புளிப்பா என்று சொல்லக்கூடியவர் எங்களில் யாருமில்லை.

"இதுக்கா மதில் கட்டிக் காவல் போட்டானுங்க?" என்றார் பாச்சிக். கள் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாமியார் தன் பங்கை முழுதாகக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூஜாவில் மீதி இருந்ததை அடுத்த வாரம் ஒரு சிவப்பு மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக ஊற்றினார். நன்றாகத்தான் இருந்தது. போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்தார். ஆனால் சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து என் மனைவியிடம், "பசியோட போயிருப்பாரா?" என்று கேட்பது நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜா பெராங் சாலையில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர் பிரெஞ்சுக்காரத் துரை. தோட்டத்தை விட்டு ஊருக்கே திரும்புகிறார். சிங்கப்பூரில் கப்பலேறும் முன் பட்லரைப் பார்க்கலாம் என்று வந்தவருக்கு டவுனில்தான் சாவுச் செய்தி கிடைத்திருக்கிறது. அவர் பேசியது கடைத்தெரு மலாய். மாமியாருக்கு நன்றாகவே புரிந்தது.

"பட்லர் நல்ல ஆள். எனக்கு மனசு கஷ்டம்," என்றார்.

மாமியார் உள்ளே போய்ப் போத்தலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாள் எங்கே?"

"கிணத்துல போச்சு, துவான்."

அவர் வாயருகே கொண்டுபோய் மோந்தார். "தேங்காய் எண்ணெய்."

"ஆமா துவான். நல்ல எண்ணெய்."

அவர் போத்தலை மெதுவாக மேசைமேல் வைத்தார். ஒயின் கெட்டிருந்ததா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தது எண்ணெய்.

மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "துவான், என் வீட்டுக்காரர் இதக் குடிச்சிருக்காரா?"

"நான் கொடுத்தேன். அவர் வேணாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேணாம். துரைக்கு முன்னால் பட்லர் குடிக்கிறது மரியாதை இல்லை, சொன்னார்."

பாச்சிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமியார் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதனால் நான் ஒன்று செய்வேன்," என்றார் துரை. "கிறிஸ்துமஸ் அன்று, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கிளாஸ் ஊற்றி சாப்பாட்டு அறையில் வைப்பேன். வெளியே வந்து கதவைச் சாத்துவேன். மேலே போய்த் தூங்குவேன். காலையில் கிளாஸ் காலி. எல்லா வருஷமும். நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை."

மாமியார் கதவுநிலையிலிருந்து கையை எடுத்தார்.

"கதவச் சாத்திட்டுத்தானே போவீங்க?"

"ஆமாம். சாத்திட்டு."

"அதான் முறை," என்றார் மாமியார். "எங்க வீட்டு ஆளுக்கு அப்படி வச்சாத்தான் எடுத்துக்கத் தெரியும்."

பாச்சிக் வாயைத் திறந்தார். மாமியார் அவர் பக்கம் பார்த்ததும் மூடிக்கொண்டார். பிறகு துரைக்குப் பலகாரமும் காப்பியும் வந்தன. துரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார் போனதும் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எழுதிடு. அவருக்கு அது பிடிக்கும்னு."

எழுதினேன். யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் அடுத்த வரியில் எழுதினேன். மாமியாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, "எழுதிட்டியா?" என்று கேட்டார், "எழுதிட்டேன், மாக்" என்றேன். அதற்குப் பிறகு பசியோடு போயிருப்பாரா என்ற கேள்வியை அவர் எடுக்கவில்லை. வேறு போத்தல் இல்லாததால் அடுத்த ஆண்டுப் பர்ச்சில் மாமனாருக்குக் கள் மட்டும்தான். கதவைச் சாத்துவதில் மட்டும் முன்னைவிடக் கண்டிப்பு கூடியிருந்தது.

நான் மறுபடியும் காப்பிக்கடைக்குப் போனேன். கிறிஸ்துமஸ் இரவுகளில் அந்தப் பங்களாவுக்குள் தங்கியவர்கள் மூவர்: மாடியில் துரை, கீழே மாமனார், சமையற்கட்டில் இந்தக் கடைக்காரர்.

"எந்த கிளாஸ்? எனக்கு எந்த கிளாஸும் தெரியாது," என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "அந்த ஒயின் ரொம்பப் புளிப்பு," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மீன்ல ஊத்துவேன்னு சொன்னேன்ல."

கிறிஸ்துமஸ் கிளாஸைக் காலி செய்தது என் மாமனாரா, சமையற்காரரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.